5.8, 1.9, 0.6: ஒரே மனையில் மூன்று நீர்மட்டங்கள்

பின்னணி

சென்னையின் தென்புறநகரில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு மேற்கே, ஒரு பழைய ஏரியின் ஆயக்கட்டில் இருந்த மனை இது. நாலு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். அப்புறம் லேஅவுட் ஆனது. சாலையை உயர்த்த உயர்த்த மனைக்காரர்களும் மண்ணடித்து உயர்த்திக்கொண்டே வந்தார்கள். ஏரி இன்னும் இருக்கிறது, பாதி.

உரிமையாளர்கள் அண்ணனும் தங்கையும். அப்பா வாங்கிப் போட்ட மனை. தரைத்தளம், அதன்மேல் மூன்று மாடி, ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்திருந்தார்கள். முதலில் போட்ட வரைபடத்தில் அடித்தளம் (பேஸ்மென்ட்) கிடையாது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று தெரிந்த பிறகுதான் கீழே ஒரு தளம் சேர்த்தார்கள். அதன் தரை, மனை மட்டத்திலிருந்து 3 மீட்டர் ஆழத்தில். ராஃப்டும் (கட்டடம் முழுவதற்கும் ஒரே பலகையாகப் போடும் காங்கிரீட் அஸ்திவாரம்) அடிக் காங்கிரீட்டும் சேர்த்தால் தோண்ட வேண்டிய ஆழம் 3.6 மீட்டர்.

அந்த மாற்றம் வந்ததும் கட்டட வடிவமைப்புப் பொறியாளர் பழைய மண் பரிசோதனை அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்திருக்கிறார். ஏதோ இடித்திருக்கிறது. எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் மண் ஆய்வு மட்டும் செய்கிற சின்ன நிறுவனம். கட்டுவதும் இல்லை, வடிவமைப்பதும் இல்லை.

கையில் இருந்த அறிக்கை

மே மாதத்தில் வேறொருவர் செய்த ஆய்வு அது. இரண்டு துளை, இரண்டும் 10 மீட்டர். நிலத்தடி நீர்மட்டம் 5.8 மீட்டர் என்று எழுதியிருந்தது. 1.8 மீட்டர் ஆழத்தில் தூணுக்குத் தூண் தனித்தனி ஃபுட்டிங் (அஸ்திவாரம்) போடலாம், சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்று பரிந்துரை.

இரண்டு விஷயம் உறுத்தியது. முதலாவது, 1.5 மீட்டரில் N எண் 14 என்றும் அடுத்த சோதனையில் 4 என்றும் இருந்தது. பழக்கமில்லாதவர்களுக்காக: 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாய் மாதிரியெடுப்பானை மண்ணுக்குள் 45 செ.மீ. இறக்குவோம். முதல் 15 செ.மீ.க்கு விழுந்த அடிகளைக் கழித்துவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கு எத்தனை அடி விழுந்தது என்பதுதான் N எண். மேலே 14, கீழே 4 என்றால் மேலே கெட்டி மண் என்று அர்த்தமாகிவிடாது. கொட்டிய மண்ணில் ஒரு செங்கல் துண்டு கிடந்தாலே போதும், எண் ஏறிவிடும். அந்த 14-ஐ நம்பித்தான் 15 டன் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, 5.8 மீட்டர். ஆயக்கட்டில், ஏரிக்குக் கீழே, சித்திரை வெயிலிலும் அவ்வளவு ஆழத்துக்கு நீர் இறங்கியிருக்குமா? இறங்கியிருக்கலாம். ஆனால் எப்போது அளந்தார்கள், துளையிட்டு எத்தனை மணி நேரம் கழித்து அளந்தார்கள் என்று எதுவும் எழுதவில்லை. தேதி இல்லாத நீர்மட்டத்தை எந்தக் கணக்கிலும் வைக்க முடியாது.

எங்கள் ஆய்வு: புரட்டாசி

மூன்று துளை போதுமே என்றார் அண்ணன். மண் ஆய்வுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1892 நெறிமுறையின் பழைய பதிப்பு, 0.4 ஹெக்டேர் அளவுள்ள கச்சிதமான மனைக்கு மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றும் போதும் என்கிறது. சின்னக் கட்டடம் என்றால் நடுவில் ஒன்றே போதும் என்றும் விடுகிறது. இந்த மனை 0.09 ஹெக்டேர்தான். இருந்தாலும் அடித்தளம் வருகிறது, ஆயக்கட்டு நிலம் என்று சொல்லி ஐந்து போட்டோம். ஐந்து போட்டும் ஒன்றைத் தவறவிட்டோம். அது பின்னால் வரும்.

முக்காலி நிறுத்தி, வின்ச் கட்டி வேலை ஆரம்பித்தால் தெருவே வந்து பார்க்கும். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?" போர் போடுகிறோம் என்றால் ஊருக்கு அது ஆழ்துளைக் கிணறுதான். வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வேண்டும், எங்களுக்கு மண் வேண்டும். சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். உண்மையில் அந்தக் கேள்வியை நாங்கள்தான் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

மண் இப்படி இருந்தது. மேலே 1.6 மீட்டர் கொட்டிய மண்: சவுடு, கட்டட இடிபாடு, ஒரு துளையில் பழைய சிமெண்டு மூட்டைச் சாக்கு. அதன் கீழே கறுஞ்சாம்பல் நிறக் களிமண். மேல் அரை மீட்டர் கொஞ்சம் இறுகியிருந்தது. அதற்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும், N எண் 3, 4. பழைய வயலின் சேறு அது. வெட்டியெடுத்ததும் ஒரு வாடை வரும், ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இந்தக் களிமண் ஒரு மூலையில் 5.2 மீட்டர் வரை போனது, தென்கிழக்கில் 4.6 மீட்டரிலேயே முடிந்துவிட்டது. அதன் கீழே நைஸ் மணல், நீரில் ஊறிய மணல், ஏறத்தாழ 8 மீட்டர் வரை. பிறகு மணல் கலந்த கெட்டிக் களி. 12 மீட்டருக்குக் கீழே சிதைந்த சார்னகைட் பாறை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெளியே தெரிகிற அதே கல்தான் இங்கே அடியில் படுத்திருக்கிறது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு வைத்த கல்லால் அதற்கு அந்தப் பெயர்.

நீரின் வேதியியலில் பெரிதாக ஒன்றும் இல்லை. சல்பேட் குறைவு, குளோரைடு கொஞ்சம் கூடுதல். கம்பிக்கு மேல் காங்கிரீட் கனத்தைக் கூட்டச் சொன்னோம்.

தண்ணீர்

இந்த ஆய்வில் மண்ணைவிடத் தண்ணீர்தான் எங்களை அலைக்கழித்தது.

துளையிடும்போது சுவர் இடிந்துவிடாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசல் ஊற்றுவோம். அந்தச் சேறு துளையின் சுவரில் பூசிக்கொள்ளும். வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே வராது, உள்ளே தெரிவது நாம் ஊற்றியது. வேலை முடிந்த சாயங்காலமே அளவு நாடாவை விட்டு ஒரு எண்ணை எழுதினால் அது நிலத்தடி நீர்மட்டமே இல்லை. களிமண்ணில் நிற்கிற துளையில் இன்னும் மோசம். அதற்குள் நீர் கசிந்து வந்து நிலைப்பட நாட்கள் ஆகும். மே மாதத்து 5.8 இப்படி வந்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

நாங்களும் முதல் நாள் கிட்டத்தட்ட அதே தப்பைச் செய்தோம். முதல் துளையை முடித்து நீரால் அலசிவிட்டு, மறுநாள் காலை அளந்தால் 3.4 மீட்டர். சரி என்று எழுதிக்கொண்டோம். இரண்டாவது துளையில் மறுநாள் காலை 1.9 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 20 மீட்டர் தூரம்கூட இல்லை. நாடா தப்பு, ஆள் தப்பு என்று இரண்டு முறை அளந்தோம், அதேதான்.

வித்தியாசம், துளை இடியாமல் இருக்க உள்ளே இறக்கும் கேசிங் குழாயில் இருந்தது. இரண்டாவது துளையில் கேசிங்கைக் களிமண்ணைத் தாண்டி மணலுக்குள் இறக்கியிருந்தார்கள். அங்கே வந்த தண்ணீர் மணலிலிருந்து வந்த தண்ணீர். மேலே மூடிய களிமண் அதை அடக்கி வைத்திருந்தது, வழி கிடைத்ததும் 4.6 மீட்டர் ஆழத்திலிருந்து 1.9 வரை தானே ஏறி வந்து நின்றது. ஊற்று என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். முதல் துளையில் கேசிங் களிமண்ணிலேயே நின்றுவிட்டது. மணலை எட்டிய துளையின் கீழ்ப்பகுதி, அலசிய பிறகும் சேறு பூசிக் கிடந்திருக்கிறது. 3.4 என்பது பாதி வழியில் இருந்த தண்ணீர்.

அன்றே ஆட்களை அனுப்பி பி.வி.சி. குழாய் வாங்கிவரச் சொன்னோம். அடி ஒரு மீட்டருக்கு ரம்பத்தால் கீறல் போட்டு, வலை சுற்றி, மணலில் நிற்க வைத்து, சுற்றிலும் பொடி ஜல்லி போட்டு, மேலே களிமண் உருண்டைகளால் அடைத்தோம். இரண்டு குழாய். மூன்று நாள் காலையும் மாலையும் அளந்ததில் இரண்டும் 1.9-இல் வந்து நின்றன.

நாலாவது நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னப்பா, தினம் வந்து குழாய்க்குள்ள நாடா விடுறீங்க?" என்றார். தண்ணீர் அளக்கிறோம் என்றேன். "அதுக்கு இங்க வந்து பாரு" என்று கூட்டிப்போய்த் தன் உறை கிணற்றைக் காட்டினார்.

இருபது உறை இறக்கிய கிணறு. ஒரு உறை ஒரு அடி. "இப்ப ஆறு உறை தெரியுது பாரு. சித்திரையில பதினோரு உறை, பன்னெண்டு உறை தெரியும். ஐப்பசி கடைசியில ரெண்டே உறைதான். கயிறே வேணாம், குனிஞ்சு சொம்புல மொண்டுக்கலாம்." 2015 டிசம்பரைக் கேட்டேன். "அந்தத் தடவை கிணறு எங்க இருக்குன்னே தெரியலையே."

அவர் வீடு தாழ்வு, எங்கள் மனை மேடு. கிணற்றின் கைப்பிடிச் சுவரோடு சேர்த்தால் அதன் விளிம்பும் எங்கள் தரையும் ஏறத்தாழ ஒரே மட்டமாகத் தெரிந்தது. ஆட்டோ லெவல் வைத்துப் பார்த்ததில் 8 செ.மீ. வித்தியாசம், அவ்வளவுதான். ஆறு உறை என்றால் 1.8 மீட்டர். எங்கள் குழாயில் 1.9. இருபது உறை என்றால் 6 மீட்டர், கிணறும் அதே மணலில்தான் நிற்கிறது. எங்கள் கருவி சொன்னதை அவர் கிணறு சரிபார்த்துவிட்டது. கூடவே எங்களிடம் இல்லாத ஒன்றையும் கொடுத்தது: ஐப்பசியில் 0.6 மீட்டர்.

கணக்கு

மணலுக்கு மேலே இருக்கிற களிமண் ஒரு மூடி மாதிரி. அதன் எடை கீழே அழுத்தும், மணலில் அடைபட்ட நீர் மேலே தள்ளும். மூடியை மேலிருந்து செதுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நீர் ஜெயிக்கும். குழியின் அடி உப்பி, வெடித்து, மணலோடு தண்ணீர் பொங்கும்.

3.6 மீட்டர் தோண்டினால் தென்கிழக்கில் மிஞ்சுகிற களிமண் 1 மீட்டர். கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 1.8 டன் கீழ்நோக்கி. நீர்மட்டம் 1.9 என்றால் களிமண்ணின் அடியிலிருந்து நீர் ஏறி நிற்கும் உயரம் (நீர்த்தலை) 2.7 மீட்டர், அதாவது 2.7 டன் மேல்நோக்கி. புரட்டாசியிலேயே கணக்கு தோற்றுவிட்டது. ஐப்பசியில் 4 டன். பழைய அறிக்கையின் 5.8-ஐ வைத்தால் நீர்மட்டம் களிமண்ணுக்கும் கீழே, தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை. அந்த ஒரு எண்ணை நம்பி 3.6 மீட்டர் குழி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொறியாளரிடம் சொன்னபோது, அவர் பேசாமல் காகிதத்தைத் திருப்பி அதே கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

முடிவுகளும் காரணங்களும்

கூடி உட்கார்ந்தபோது மேசையில் மூன்று வழி இருந்தது. சுற்றிலும் ஆழ்குழாய் இறக்கி மணலின் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டு 3.6 மீட்டரே தோண்டுவது. அடித்தளத்தையே விட்டுவிட்டு பைல் (ஆழத் தூண் அஸ்திவாரம்) போடுவது. அல்லது அடித்தளத்தைப் பாதி தூக்குவது.

முதலாவதை நான்தான் எதிர்த்தேன். மணலின் நீரை ஒரு மீட்டர் இறக்கினால், அதன் மேலுள்ள களிமண் சுமக்க வேண்டிய பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் கூடுகிறது. நம் மனைக்குள் மட்டுமல்ல, பாட்டி வீட்டுக்கு அடியிலும். அந்தச் சேற்றுக் களி அமுங்கும், பழைய சுவர்கள் விரியும். மாதக் கணக்கில் இறைப்பதற்கு அந்தத் தெரு தாங்காது என்று பட்டது.

பைல் பாதுகாப்பானதுதான், ஆனால் கார் நிறுத்தும் சிக்கல் அப்படியே நிற்கும். மூன்றாவது வழி தேறியது. அடித்தளத் தரை 1.5 மீட்டர் ஆழம், தோண்டுவது 2.1 மீட்டர். மிஞ்சும் களிமண் 2.5 மீட்டர், 4.5 டன். ஐப்பசியின் 4 டன்னுக்கு இது நூலிழை, கோடையில் நல்ல இடைவெளி. ஆகவே தோண்டுவது தை பிறந்த பிறகு, மழைக்கு முன்பே ராஃப்ட் முடிந்து மேலே ஏறிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரியில் கட்டடத்துக்கு வெட்டிய குழி சரிந்து இருவர் இறந்தது எல்லோர் நினைவிலும் இருந்தது. இந்த நிபந்தனைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இன்னொரு லாபமும் இருந்தது. கட்டடத்தின் மொத்த பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 6 டன். 2.1 மீட்டர் மண்ணை அள்ளி வெளியே போடும்போது சுமார் 3.8 டன் குறைகிறது. களிமண் புதிதாகச் சுமப்பது 2.2 டன்தான். முழு ராஃப்டாகப் போட்டால் அமுக்கம், அதாவது கட்டடம் கீழே இறங்கும் அளவு, 25 மி.மீ. அளவில் நிற்கும் என்று கணக்கு வந்தது.

அண்ணனுக்குத்தான் மனசில்லை. அடித்தளம் பாதி மேலே வந்ததால் தரைத்தளம் மனை மட்டத்துக்கு மேல் 1.2 மீட்டர் ஏறியது. "அம்மாவுக்கு முட்டி வலி சார். வாசல்ல எட்டு படி ஏறச் சொல்றீங்களா?" என்றார். வாதம் பண்ணத் தோன்றவில்லை. லிஃப்டை அடித்தளத்திலிருந்தே தொடங்கினால் அம்மா படியே ஏற வேண்டாம், காரிலிருந்து இறங்கி நேரே போகலாம் என்றார் பொறியாளர். தங்கை போனில் கேட்டுக்கொண்டிருந்தார்: "அண்ணா, அது இன்னும் நல்லதுதானே." அதோடு முடிந்தது.

நீர் மேலே தள்ளுவதற்கும் ஒரு நிபந்தனை வைத்தோம். வெறும் 450 மி.மீ. ராஃப்டின் எடை சதுர மீட்டருக்கு 1.1 டன். நீர் தரை மட்டம் வரை வந்தால் தள்ளுவது 2.1 டன். இரண்டாவது தளம் காங்கிரீட் போடும் வரை அடியில் நீர் சேரவிடக் கூடாது.

வானம் தோண்டியபோது

பொங்கல் கழிந்து மூன்றாவது வாரம் ஜேசிபி இறங்கியது. குழாயில் நீர் 1.7. தோண்டும் முன்பே பாட்டி வீட்டின் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்தோம், காம்பவுண்டுச் சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டினோம். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது நாள் மதியம் போன் வந்தது: "சார், ஒரு இடத்துல மண்ணு புதையுது."

போய்ப் பார்த்தால், நடுத் துளைக்கும் தென்கிழக்குத் துளைக்கும் நடுவே, வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் களிமண்ணே இல்லை. இடிபாடும் செம்மண்ணும் கலந்து கிடந்தது. மேஸ்திரி, சகதியை எடுத்துவிட்டு ஜல்லி போட்டுவிடலாம் என்று 3 மீட்டர் வரை அள்ளியிருந்தார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. 5 குதிரைத்திறன் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மோட்டார் வழியில் வந்துகொண்டிருந்தது.

மோட்டார் தள்ளிய தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்தேன். மேலே தெளிந்தது. சாய்த்துப் பார்த்தால் அடியில் விரற்கடை கனத்துக்கு மணல், கோதுமை ரவை மாதிரி, ஒரே சீராக. அது நாங்கள் 5 மீட்டரில் எடுத்த மாதிரியில் இருந்த மணல்தான். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் இவ்வளவு என்றால், ராத்திரி முழுக்க ஓட்டினால் வண்டி வண்டியாகப் போகும். எங்கிருந்து? களிமண்ணுக்கு அடியிலிருந்து, காம்பவுண்டுச் சுவருக்கு அடியிலிருந்து.

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.

"சார், தண்ணி ஏறிடும் சார்."

"ஏறட்டும்."

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெளிந்த தண்ணீர் வந்தால் எவ்வளவு வந்தாலும் சமாளிக்கலாம். மணலோடு வருகிற தண்ணீரை முதலில் நிறுத்த வேண்டும், அதை நிறுத்த வழி தண்ணீரையே ஏறவிடுவதுதான். ஒரு மணி நேரத்தில் குழி நிறைந்தது, கொப்புளிப்பு அடங்கியது. கண்ணாடித் துண்டுகளில் ஒன்று உடைந்திருந்தது. காம்பவுண்டுச் சுவரில் விரிசல் 2 மி.மீ. கூடியிருந்தது. வீட்டில் ஒன்றும் இல்லை.

பாட்டி வாசலில் நின்றிருந்தார். "அங்கதான் ஏத்தக் கிணறு இருந்துச்சு. மனை போடும்போது தூத்துட்டாங்க. அன்னைக்கே அந்தப் பையன் கிட்ட சொன்னேனே."

அந்தப் பையன் எங்கள் துளையிடும் குழுவின் உதவியாளர். கேட்டேன். "ஆமாண்ணே, சொன்னாங்க. பழைய போர் ஏதோ சொல்றாங்கன்னு நெனைச்சேன். நீங்க மண்ணைப் பத்தித்தானே எழுதச் சொன்னீங்க?" அவர்மேல் தப்பே இல்லை. நாங்கள் கேட்கவில்லை, கேட்கச் சொல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் உட்பிரிவுக்கு முந்தைய பழைய புல எண்ணின் புலப்படத்தைத் தேடி எடுத்தோம். கிணறு அதில் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தது. லேஅவுட்டுக்குப் பிறகு வந்த படத்தில் இல்லை. நாங்கள் பார்த்தது அந்தப் புதிய படத்தை மட்டும்.

கிணற்றைக் கையாண்ட விதம்: நீர் நின்ற நிலையிலேயே முதலில் பருமணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி என்று அடுக்கினோம். கீழே பொடி, மேலே பருமன். தண்ணீர் ஏறி வரலாம், மணல் வர முடியாது. நடுவில் கீறல் போட்ட 150 மி.மீ. குழாயை வலை சுற்றி நிறுத்தினோம். இரண்டு நாள் கழித்து அந்தக் குழாயிலிருந்து சின்ன மோட்டாரால் மெதுவாக இறைத்தோம். மறுபடி அதே வெள்ளை பக்கெட். இந்தத் தடவை அடியில் ஒன்றும் இல்லை.

ராஃப்ட் போட்டு இறுகும் வரை 19 நாள் இறைத்தார்கள். பாட்டி கிணற்றில் நாலு உறை இறங்கியது, அத்தனை நாளும் உரிமையாளர்கள் லாரித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். பொறியாளர் அந்த இடத்தில் 3.5 மீட்டர் வட்டத்துக்கு அடியில் மண்ணே இல்லை என்று வைத்துக்கொண்டு ராஃப்டுக்குக் கூடுதல் கம்பி கொடுத்தார். குழாயை ராஃப்டின் வழியே மேலே கொண்டுவந்து, இரண்டாவது தளம் போட்ட பிறகு அடைத்தார்கள்.

மழைக்காலம்

ஐப்பசி கடைசியில் மனை மூலையில் விட்டுவைத்த குழாயில் நீர் 0.5 மீட்டர். பாட்டி சொன்னதற்கு 10 செ.மீ. மேலே. அடித்தளத்தில் சுவரும் ராஃப்டும் சேரும் இணைப்பில் ஒரு இடத்தில் கசிவு வந்தது, கிரவுட் என்ற அடைப்புக் கரைசல் செலுத்தி அடைத்தார்கள். ராஃப்ட் அசையவில்லை.

அசைந்தது சம்ப்.

கட்டடத்துக்கு வெளியே, காலியிடத்தில், 4 மீட்டருக்கு 3 மீட்டர், 2.4 மீட்டர் ஆழத்தில் தண்ணீர்த் தொட்டி தனியாகக் கட்டியிருந்தார்கள். கழுவுவதற்காக ஒரு நாள் காலி செய்தார்கள். மறுநாள் காலை மூடியின் ஒரு ஓரம் 6 செ.மீ. எழும்பி நின்றது, குழாய் இணைப்பு முறிந்திருந்தது. தொட்டியின் எடை சுமார் 19 டன். நீர் 0.5-இல் நின்றபோது அது இடம்பெயர்த்த நீர் சுமார் 23 டன். சுற்றிலும் புதிதாகக் கொட்டிய மண் பிடித்து வைக்கவில்லை. எங்கள் அறிக்கையில் அடித்தளம் மிதப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். சம்ப் பற்றி ஒரு வரி இல்லை. வரைபடத்தில் சம்ப் இருந்தது, நாங்கள் பார்த்தோம், நம் வேலை இல்லை என்று விட்டோம். நீர் நிரப்பியதும் முழுதாகக் கீழே இறங்கவில்லை. வெட்டி எடுத்து, அடித்தட்டை நாலு பக்கமும் நீட்டி, அதன்மேல் மண் ஏறி உட்காரும்படி மறுபடி கட்டினார்கள். செலவில் ஒரு பங்கை நாங்கள் ஏற்றோம்.

கட்டடம் முடிந்து ஆறு மாதம் கழித்து நாலு மூலையிலும் அமுக்கம் பார்த்தோம்: 14, 16, 18, 21 மி.மீ. 21 கிணறு இருந்த பக்கம்.

இப்போது மாற்றியிருப்பவை

நீர்மட்டத்தை இனி தனி எண்ணாக எழுதுவதில்லை. எந்தத் தேதி, துளை முடிந்து எத்தனை மணி நேரம், கேசிங் எது வரை, எந்த மண் அடுக்கின் நீர் என்று எல்லாம் சேர்த்துத்தான். களிமண்ணுக்குக் கீழே மணல் தட்டுப்பட்டால் குழாய் நிறுத்தாமல் அறிக்கை கொடுப்பதில்லை. உரிமையாளர் அவசரப்பட்டாலும் மூன்று நாள் காத்திருக்கச் சொல்கிறோம். இதனால் இரண்டு வேலை கை நழுவியிருக்கிறது, பரவாயில்லை.

பழைய புல எண்ணின் புலப்படம் கையில் வராமல் துளை எங்கே என்று குறிப்பதில்லை. சம்ப், செப்டிக் டேங்க், லிஃப்ட் குழி எல்லாவற்றுக்கும் மிதப்புக் கணக்கு போடுகிறோம். யார் கட்டினாலும், யார் வேலையானாலும்.

குழு உதவியாளருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். அக்கம்பக்கத்தார் சொல்வதை, நம்புகிறாரோ இல்லையோ, அப்படியே எழுத வேண்டும். எங்கள் களப் படிவத்திலும் புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது: பக்கத்துக் கிணற்றில் இன்று எத்தனை உறை தெரிகிறது, ஐப்பசியில் எத்தனை, சித்திரையில் எத்தனை, சொன்னவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார். கிணறே இல்லாத தெருக்கள் கூடிவருகின்றன, அந்த வரி காலியாகவே திரும்பி வருவதும் உண்டு.

மனை மூலையில் இருந்த குழாயை எடுக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். பூட்டு போட்ட மூடி வைத்து, மாதம் முதல் தேதி நாடாவின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி அவரே அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். சித்திரையில் வந்த செய்தி: "3.4 மீ. பாட்டி பதினோரு உறை என்கிறார்."